40 நாற்காலி அறையில் ஒரு ஜாஸ் பாட்டுக் கச்சேரி: நிகழ்வு ஆய்வு

பின்னணி

இடம் சென்னை. ஒரு கஃபேயின் முதல் மாடி, சுமார் 40 பேர் உட்காரலாம். கடை நடத்துபவருக்கு ஜாஸ் மேல் தீராத ஆசை, அதனால் சனிக்கிழமை மாலைகளில் சின்னச் சின்னக் கச்சேரிகள் வைக்க ஆரம்பித்தார். முதலில் தனி கிட்டார், அப்புறம் கிட்டாரும் கீபோர்டும் என்று போனது, அதெல்லாம் நன்றாகவே நடந்தது. ஒரு பாடகியை டிரம்ஸ், டபுள் பேஸ், கீபோர்டு என்று முழுக் குழுவோடு மேடையேற்றியது இந்த முறைதான் முதல் தடவை. சவுண்டை நான் பார்த்துக்கொண்டேன். முதல் செட், அதாவது கச்சேரியின் முதல் பாதி, கிட்டத்தட்டக் கையை விட்டுப் போனது, இடைவேளையில் எடுத்த சில முடிவுகளால் இரண்டாம் செட் மீண்டு வந்தது. அந்த இடைவேளையில் என்ன பேசினோம், எதை வேண்டாம் என்று தள்ளினோம், ஏன் தள்ளினோம் என்பதை எழுதி வைத்தால் இதே மாதிரி அறைகளில் பாடுகிறவர்களுக்கும் ஏற்பாடு செய்கிறவர்களுக்கும் பயன்படும். சம்பந்தப்பட்ட எல்லோரும் எழுதச் சம்மதித்தார்கள், பெயர்கள் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

பாடகிக்கு முப்பதுகளின் நடுவயது. சின்ன வயதில் கர்நாடக சங்கீதம், பள்ளியில் கொயர், கல்லூரிக்குப் பிறகு ஜாஸ். தாழ்ந்த, மென்மையான குரல், எதிரில் இருப்பவரிடம் ஏதோ சொல்வது போல வார்த்தைகளை விடுவார், தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் தங்கி வருவார். இந்தப் பாணிக்கு மைக் என்பது பாட்டைப் பெரிதாக்கும் கருவி மட்டும் இல்லை, குரலின் பாதியே அதுதான். 1920-களின் நடுவில் எலெக்ட்ரிக் மைக்கும் எலெக்ட்ரிக் ரெக்கார்டிங்கும் வருவதற்கு முன்னால் பெரிய கூடத்தில் பாட வேண்டுமானால் தொண்டை பலம் வேண்டும், இல்லாவிட்டால் மெகாஃபோன் வேண்டும். மைக் வந்த பிறகுதான் அமெரிக்கப் பாடகர் பிங் கிராஸ்பி மாதிரி மெல்லப் பாடுவது சாத்தியமானது. ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் குரல் வீச்சு சின்னது, ஆனால் ஒரு சொல்லை எங்கே வைக்கிறார், எங்கே தேய விடுகிறார் என்பது கடைசி நாற்காலிவரை கேட்டது. அது கேட்காத அறையில் இந்தப் பாட்டு இல்லை. நான் இதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

டபுள் பேஸ் வாசித்தவருக்கு அறுபதைத் தாண்டிய வயது, பெரம்பூர்க்காரர், பல வருடம் ஓட்டல் பேண்டுகளில் வாசித்தவர், எங்கள் எல்லோருக்கும் அவர் 'அங்கிள்'. டிரம்மர் கல்லூரி முடித்த பையன், சர்ச்சிலும் ராக் பேண்டிலும் வாசித்துப் பழகியவன், நல்ல கை. வழக்கமான கீபோர்டுக்காரருக்கு அன்று சினிமா ரெக்கார்டிங் வந்துவிட்டதால் கடைசி நேரத்தில் வேறொருவர் வந்தார். ஸ்டாண்டர்டுகள், அதாவது ஜாஸ்காரர்கள் எல்லோரும் வாசிக்கும் பழைய பாட்டுகள், எல்லாம் அவருக்குத் தெரியும், ஆனால் இந்தப் பாடகியின் சுருதிகளில் வாசித்துப் பழக்கமில்லை.

சென்னைக்கு ஜாஸ் புதிதல்ல. 1958-இல் அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக் தன் குழுவோடு மதராஸ் வந்தபோது மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்தார். ஆனால் கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட் உணவகங்களில் பாடகி பாம் கிரெய்ன் போன்றவர்கள் இரவுதோறும் பாடினார்களே, அந்த மாதிரி சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவே உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் பழக்கம் இங்கே பரவலாக வேரூன்றவில்லை. நமக்குத் தெரிந்தது சபா. அங்கே கேன்டீன் தனி, அரங்கம் தனி. கீரை வடை சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் உள்ளே போவோம். இந்தக் கஃபேயில் இரண்டும் ஒரே அறைக்குள் இருந்தன. அன்று மாலை நடந்த பாதிக் கோளாறு அங்கிருந்துதான் கிளம்பியது.

அறையும் சவுண்ட் செக்கும்

அறை ஏறக்குறைய 40 அடி நீளம், 20 அடி அகலம். ஒரு நீளப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, தரை டைல்ஸ், தாழ்வான கான்கிரீட் கூரை. சத்தத்தை உறிஞ்ச அங்கே எதுவுமே கிடையாது, மேசைத் துணிகூட இல்லை. மேடையும் கிடையாது, கண்ணாடியும் சுவரும் சேரும் மூலையில் டிரம்ஸ் போட்டிருந்தார்கள், இடம் மிச்சமாகும் என்று. இரண்டு கெட்டியான பரப்புகள் சேரும் மூலையில் வைத்தால் டிரம்ஸின் சத்தம், குறிப்பாகக் கீழ் ஸ்தாயிச் சத்தம், இன்னும் திரண்டு வெளியே வரும். எதிர்க் கோடியில் கவுண்டர், காபி மெஷின், ஜூஸுக்கு மிக்சி. குழு இருந்த மூலைக்கும் அறைக்கும் நடுவே ஒரு தூண், கீபோர்டுக்காரர் அந்தத் தூணுக்குப் பின்னால்.

கஃபேயில் இருந்த மைக் சூப்பர்கார்டியாய்ட் வகை. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பலருக்கும் பழக்கமான ஷூர் எஸ்எம்58, 1966 முதல் விற்பனையில் இருப்பது, கார்டியாய்ட் வகையைச் சேர்ந்தது: மைக்குக்கு நேர் பின்னாலிருந்து வரும் சத்தத்தை அது மிகக் குறைவாக எடுக்கும், அதனால் பாடுபவரின் காலடியில் மானிட்டரை, அதாவது மேடையில் இருப்பவர் தன் குரலைக் கேட்பதற்கான ஸ்பீக்கரை, நேர் எதிரே வைக்கலாம். சூப்பர்கார்டியாய்டுக்கு அது சரிவராது. அதன் செவிட்டுப் பகுதி நேர் பின்னாலிருந்து இரு பக்கமும் சுமார் 55 முதல் 60 டிகிரி தள்ளி இருக்கும், நேர் பின்னால் கொஞ்சம் காது உண்டு. அன்று மானிட்டர் நேர் எதிரேதான் வைக்கப்பட்டிருந்தது, வழக்கமாக அங்கே வைத்துப் பழகிய இடம். நான் அதைப் பக்கவாட்டில் நகர்த்தச் சொன்னேன், ஆனால் பக்கத்தில் மேசை போட்டிருந்ததால் அரை அடிக்கு மேல் நகரவில்லை.

சவுண்ட் செக் மாலை ஆறு மணிக்கு, காலி அறையில். காபி மெஷின் ஓடவில்லை, யாரும் பேசவில்லை, டிரம்மர் மரியாதையாக மெல்ல வாசித்தான். எல்லாம் அருமையாகக் கேட்டது. காலி அறையில் நடக்கும் சவுண்ட் செக் எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், ஆனால் சின்ன இடங்களில் அதைத் தாண்டி ஏதாவது செய்ய யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை.

முதல் செட்

ஏழரைக்கு ஆரம்பித்தோம். அறை நிரம்பியிருந்தது. நடுவில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு ஒரு பிறந்தநாள் கூட்டம். அவர்களுக்குக் கச்சேரி இருப்பதே தெரியாது, சாப்பிட வந்தவர்கள்.

முதல் பாட்டு நடுத்தர வேக ஸ்விங் (ஜாஸுக்கே உரிய ஊசலாடும் தாளநடை), தப்பித்தது. இரண்டாம் பாட்டின்போது பேச்சுச் சத்தம் ஏறியது, டிரம்மர் ஸ்டிக்கில் ரைட் சிம்பலை (தாளம் ஓட்டும் பெரிய உலோகத் தட்டை) அழுத்த ஆரம்பித்தான், பாடகி குரலை உயர்த்தினார், அதைத் தாண்டிப் பேச வேண்டும் என்று மேசைகளில் இருந்தவர்கள் இன்னும் உரக்கப் பேசினார்கள். இதற்கு லொம்பார்ட் விளைவு என்று பெயர். பிரெஞ்சுக் காது மூக்கு தொண்டை மருத்துவர் எதியன் லொம்பார்ட் 1911-இல் இதைப் பற்றி எழுதினார்: சுற்றிலும் சத்தம் கூடும்போது மனிதன் தன்னை அறியாமலே குரலை ஏற்றுகிறான். வேண்டுமென்று யாரும் செய்வதில்லை என்பதுதான் இதில் முக்கியம். பாடகியும் பிறந்தநாள் மேசையும் டிரம்மரும் ஒரே காரணத்தால்தான் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் பாட்டுக்கும் நாலாம் பாட்டுக்கும் நடுவில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஸ்டாண்டர்டுகளின் நோட்டுப் புத்தகத்தில் மூன்றாம் பாட்டு ஈ ஃபிளாட்டில் இருக்கிறது, நம் கணக்கில் இரண்டரைக் கட்டை. பாடகி அதை பி ஃபிளாட்டில், ஆறரைக் கட்டையில், அதுவும் கீழ் ஸ்தாயியில் பாடுவார். ஸ்டாண்டர்டுகளைப் பெண்கள் இப்படி இறக்கிப் பாடுவது சகஜம், புத்தகத்தில் இருப்பது பெரும்பாலும் வாத்தியங்களுக்குத் தோதான சுருதி. புதிதாக வந்த கீபோர்டுக்காரர் கை பழகிய ஈ ஃபிளாட்டிலேயே வாசித்துக்கொண்டு சுருதியை மொத்தமாக மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனில் ஐந்து அரைச்சுரம் இறக்கிவிட்டார். பாட்டு சரியாகவே போனது. முடிந்ததும் பட்டனைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறந்துவிட்டார். நாலாம் பாட்டு எஃப், நாலு கட்டை. அவர் கை எஃப் வாசித்தது, கீபோர்டில் வந்தது சி, ஒரு கட்டை. அங்கிள் எஃப்பில் எடுத்தார்.

பாடகிக்கு மானிட்டரில் கேட்டது கீபோர்டும் தன் குரலும் மட்டும்தான். பேஸ் ஆம்ப், அங்கிளின் வாத்தியத்துக்கான ஸ்பீக்கர் பெட்டி, தரையில், டிரம்ஸுக்குப் பக்கத்தில் இருந்தது, அவர் காதுக்கு வரவே இல்லை. அதனால் கீபோர்டின் சுருதியில் எடுத்துவிட்டார். அங்கிள் நாலு பாருக்குள் (பார் என்பது தாளத்தின் ஒரு சிறு சுற்று) விஷயத்தைப் புரிந்துகொண்டு சி-க்கு மாறினார். பார்வையாளர்களில் பலர் இதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஆனால் அந்தப் பாட்டு முழுவதையும் பாடகி தன் இடத்திலிருந்து ஐந்து அரைச்சுரம் கீழே பாட வேண்டி வந்தது. அவர் குரல் அங்கே வெறும் மூச்சு, சத்தமான அறையில் அது எடுபடாது. எடுபடவில்லை என்று தெரிந்ததும் மைக்கை ஸ்டாண்டிலிருந்து கழற்றி, உதட்டோடு ஒட்டி, வலைப்பகுதியைக் கையால் பொத்திக்கொண்டார். வலையைப் பொத்தினால் மைக்கின் திசை உணர்வு போய்விடும், எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் எடுக்கும். மானிட்டர் வேறு நேர் எதிரே. ஸ்பீக்கரின் சத்தமே மைக்குக்குள் திரும்ப நுழைந்து ஊளைச் சத்தம் கிளம்பியது, காதைக் கிழிக்கிற மாதிரி. நான் மைக்கின் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரை இறக்கினேன், குரல் இன்னும் அடியில் போனது.

அடுத்த பாட்டில் வடிவமே கைநழுவியது. இந்தப் பழைய பாட்டுகளில் பெரும்பாலானவை 32 பார் கொண்டவை, எட்டு எட்டாக நாலு பகுதி, முதல் இரண்டும் கடைசியும் ஒரே மெட்டு, மூன்றாவது மட்டும் வேறு; அதை பிரிட்ஜ் என்பார்கள். 32 பாரும் ஒரு ஆவர்த்தனம் மாதிரி சுற்றிச் சுற்றி வரும், தனி வாசிப்பவர்கள் அதன் மேல்தான் வாசிப்பார்கள், பாடகி அதற்குள் சரியான இடத்தில் எடுக்க வேண்டும். கீபோர்டு தனி முடிந்து பிரிட்ஜில் எடுப்பதாகத் திட்டம். சுற்றில் எங்கே இருக்கிறோம் என்பதைப் பேஸ்தான் காட்டும், அது கேட்கவில்லை. எட்டு பார் தாமதமாக, கடைசிப் பகுதி ஓடும்போது பிரிட்ஜை எடுத்தார். இடது கையைத் தலைமேல் வைத்து, 'முதலிலிருந்து போகலாம்' என்று சைகை காட்டினார். தூணுக்குப் பின்னால் இருந்த கீபோர்டுக்காரருக்கு அது தெரியவில்லை. டிரம்மர் பார்த்தான், அங்கிள் பார்த்தார், மூன்று பேர் ஒரு பக்கம், ஒருவர் ஒரு பக்கம். எப்படியோ முடித்தார்கள். பாடகி சிரித்த முகத்தோடு "பத்து நிமிஷம் பிரேக் எடுத்துக்குறோம்" என்று அறிவித்துவிட்டு இறங்கினார், செட்டில் இன்னும் ஒரு பாட்டு பாக்கி இருந்தது.

இடைவேளை: எதைத் தள்ளினோம், எதை எடுத்தோம்

பத்து நிமிடம் என்றது அரை மணி நேரம் ஆனது. மாடிப்படியில் நின்று பேசினோம். பாடகிக்குத் தொண்டை கரகரத்திருந்தது. கடைக்காரர் முதலில் கேட்டது, "குரலை இன்னும் கொஞ்சம் ஏத்த முடியாதா?" என்றுதான். எல்லா இடத்திலும் முதலில் வரும் கேள்வி அதுவே. ஏற்ற முடியாது. மைக் ஊளையிடும் எல்லையைத் தொட்டாயிற்று, அதற்கு மேல் ஏற்ற வேறு கருவி இருந்திருந்தாலும் அறை இன்னும் உரக்கப் பேசும், டிரம்மர் இன்னும் அழுத்துவான். அன்று செய்ய முடிந்த ஒரே காரியம் குரலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இறக்குவது.

டிரம்மர் தானாகவே கேட்டான்: "அக்கா, செகண்ட் செட் நான் வேணா உட்கார்ந்துக்கவா? நீங்களும் அங்கிளும் கீபோர்டும் போதும்ல?"

"வேணாம்டா. நீ இல்லாம ஸ்விங் எங்கேர்ந்து வரும்" என்றார் பாடகி. இது நல்லெண்ணத்துக்காகச் சொன்ன பதில் மட்டும் இல்லை. அவர் பாடும் விதமே தாளத்துக்குப் பின்னால் தங்குவது, தங்குவதற்கு ஒரு நிலையான தாளம் முன்னால் போய்க்கொண்டிருக்க வேண்டும். டிரம்மரை எடுத்துவிட்டால் அந்த இழுவை போய்விடும். இந்த மாதிரி இரவுகளில் டிரம்மர் மேல் பழியைப் போட்டு ஓரங்கட்டுவது மிகச் சுலபமாக நடக்கும், இங்கே நடக்காமல் போனது பெரிய விஷயம்.

அங்கிள் கேட்டார், "தம்பி, பையில பிரஷ் இருக்கா?" இருந்தது, அதிகம் தொடாதது. குச்சிக்குப் பதிலாகப் பிடிக்கும், மெல்லிய கம்பிகள் விரிந்த சின்னத் துடைப்பம் மாதிரியானது அது. ஸ்நேர் என்கிற முன் டிரம்மின் மேல்தோல் வெள்ளைப் பூச்சுள்ளது, சொரசொரப்பானது. அந்தச் சொரசொரப்பு இருந்தால்தான் பிரஷ் பேசும், வழுவழுப்பான தோலில் சத்தமே வராது. அங்கிள் படிக்கட்டில் உட்கார்ந்து, அட்டை மெனு ஒன்றை மடியில் வைத்துக் காட்டினார்: இடது கை நிற்காமல் வட்டம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், வலது கை அதன் குறுக்கே தட்டிக்கொண்டு போக வேண்டும், கிக் டிரம்மைக் காலால் தொட்டும் தொடாமலும் நாலு எண்ணிக்கையும் வைக்க வேண்டும், கேட்கக் கூடாது, உடம்புக்குத் தெரிந்தால் போதும். பையன் இரண்டு முறை செய்து பார்த்தான். டாம் என்கிற மற்ற டிரம்கள் இரண்டையும் ஒரு சிம்பலையும் கழற்றி வைத்தோம். கையில் இல்லாததை அடிக்க முடியாது.

பேஸ் ஆம்பை ஒரு நாற்காலி மேல் ஏற்றி, பாடகிக்குப் பின்னால் காது உயரத்தில் வைத்தோம். மானிட்டரை முழுவதுமாக எடுத்துவிட்டோம். பாடகி இதற்குத் தயங்கினார், தன் குரல் தனக்குக் கேட்காமல் எப்படி என்று. மற்ற எல்லாம் இறங்கினால் அறையிலிருந்து திரும்பி வருவதே போதும், முதல் பாட்டில் கேட்காவிட்டால் திரும்ப வைக்கிறேன் என்று சொன்னதும் சரி என்றார். கண்ணாடியைப் பார்த்திருந்த ஸ்பீக்கர்களைத் திருப்பி மேசைகளுக்கு நெருக்கமாக, குறைந்த சத்தத்தில் வைத்தேன். திறந்த வெளியில் தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும். எதிரொலிக்கும் அறையில் அவ்வளவு கிடைக்காது, ஆனாலும் நேரடிக் குரல் முதலில் காதை எட்டும். எதிரொலிக்காகப் போட்டிருந்த ரிவெர்பை அணைத்தேன், கண்ணாடியே அந்த வேலையைத் தேவைக்கு மேல் செய்துகொண்டிருந்தது. கீபோர்டைத் தூணுக்கு வெளியே இழுத்து, பாடகியின் இடது கை தெரியும்படி திருப்பினோம். சைகைகளை மறுபடி பேசிக்கொண்டார்கள்: தலையில் கை வைத்தால் முதலிலிருந்து, மூடிய கை என்றால் முடிவு, கீழ்நோக்கிய விரல்கள் பாட்டின் சுருதியில் இருக்கும் ஃபிளாட்களின் (அரைச்சுரம் இறங்கிய சுரங்களின்) எண்ணிக்கை, மூன்று விரல் கீழே என்றால் ஈ ஃபிளாட். டிரான்ஸ்போஸ் பட்டன் மேல் கீபோர்டுக்காரரே ஒரு துண்டு டேப் ஒட்டினார்.

கடினமான பேச்சு கடைக்காரரோடு. காபி மெஷினின் ஸ்டீம் சீறல் இருக்கிறதே, அது 'ஸ', 'த', 'ஃப' போன்ற மெய்கள் உட்காரும் மேல் அலைவரிசையில்தான் உட்காருகிறது, அது சீறும்போது பாட்டின் வார்த்தை கேட்காது. மிக்சி எல்லாவற்றையும் அழித்துவிடும். இரண்டாம் செட்டில் மிக்சி வேண்டாம், காபி பாட்டுகளுக்கு இடையில் மட்டும் என்று கேட்டோம். சனிக்கிழமை இரவு அவருக்கு அது நேரடி நஷ்டம், வாடகை கட்டுகிறவர் அவர்தான், அவர் யோசித்ததில் தவறே இல்லை. அங்கிள் அப்போது சொன்ன விஷயம்தான் அவரைத் திருப்பியது: 1939-இல் நியூயார்க்கின் கஃபே சொசைட்டியில் பில்லி ஹாலிடே கடைசிப் பாட்டைப் பாடும்போது பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள், விளக்கை அணைத்து முகத்தில் மட்டும் வெளிச்சம் விடுவார்கள். அந்த ஏற்பாடு கிளப் முதலாளி பார்னி ஜோசப்சனுடையது. அதாவது கடைக்காரர் எடுக்க வேண்டிய முடிவு அது, பாடகியால் எடுக்க முடியாது. "ஒரு செட்தானே, பார்த்துருவோம்" என்றார் கடைக்காரர்.

பிறந்தநாள் கூட்டத்தை அவரே போய்ப் பார்த்தார். கீழ்த்தளத்தில் பெரிய மேசை தருகிறேன், கேக்கோடு ஐஸ்கிரீம் என் கணக்கு என்று கேட்டார். ஒருவர், "நாங்களும் காசு குடுத்துதானே உட்கார்ந்திருக்கோம்?" என்றார். "கண்டிப்பா சார், அதனாலதான் கேக்குறேன், உங்களுக்கும் பேச முடியல, அவங்களுக்கும் பாட முடியல" என்றார் கடைக்காரர். ஐந்து நிமிடத்தில் இறங்கிப் போனார்கள், பெரியவர் ஒருவரைத் தவிர. அவர் பாட்டுக் கேட்கிறேன் என்று மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாம் செட்

அறிவிப்பே செய்யவில்லை. பாடகியும் அங்கிளும் மட்டும், தாளமில்லாமல், ஒரு பழைய பிராட்வே (நியூயார்க் இசை நாடக) பாட்டின் முன்னுரைப் பகுதியை எடுத்தார்கள். பாடகி வேண்டுமென்றே மிக மெல்ல ஆரம்பித்தார். "தயவுசெய்து அமைதியாக இருங்கள்" என்று மைக்கில் கேட்டால் சிலர் அடங்குவார்கள், சிலர் முறைப்பார்கள். கேட்காத சத்தத்தில் ஒருவர் பாடிக்கொண்டிருந்தால் முன்வரிசை முதலில் திரும்பும், அவர்கள் திரும்புவதைப் பார்த்துப் பின்வரிசை திரும்பும். ஒரு நிமிடத்துக்குள் அறையின் பேச்சு இறங்கிவிட்டது. லொம்பார்ட் சொன்னது தலைகீழாகவும் வேலை செய்கிறது: அறை இறங்கினால் எல்லோரும் இறங்குகிறார்கள்.

பிரிட்ஜில் பிரஷ் உள்ளே வந்தது. கடைசி மேசையில் நின்று கேட்டேன், வார்த்தையின் கடைசி எழுத்துவரை வந்தது. பாடகி மைக்கை ஸ்டாண்டிலேயே விட்டு, இரண்டு விரற்கடை தூரத்தில் பாடினார், உச்சத்தில் தலையைக் கொஞ்சம் பின்வாங்கினார், கீழ்ச் சுரங்களில் நெருங்கினார். கிட்டப் போனால் இந்த வகை மைக்கில் கீழ் ஸ்தாயி தானாகத் தடிக்கும், அதை அவர் அழகாகப் பயன்படுத்திக்கொண்டார். மானிட்டர் வேண்டும் என்று கேட்கவே இல்லை. நடுவில் பிரேசில் பாணியில் ஒரு போசா நோவா, ஒரு புளூஸ், புளூஸில் நாலு விரல் காட்டி டிரம்மரோடு நாலு நாலு பாராக மாற்றி மாற்றி வாசிக்க வைத்தார். பையன் பிரஷ்ஷிலேயே பதில் சொன்னான், அன்றைய பெரிய கைதட்டல் அவனுக்குத்தான். போன் ஆப்பில் பார்த்தபோது நடு மேசையில் முதல் செட்டைவிடச் சுமார் 10 டெசிபல் குறைவு; போன் அளவை ஒப்பிட மட்டும்தான் நம்பலாம், ஆனால் 10 குறைந்தால் காதுக்குப் பாதிச் சத்தம் போலத் தெரியும்.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். தொண்டை ஏற்கெனவே களைத்திருந்ததால் இரண்டு இடங்களில் மேல் சுரம் உடைந்தது. கடைசிக்கு முந்தைய பாட்டை விட்டுவிட்டார். பத்து மணிக்குள் முடித்தோம், பக்கத்தில் குடியிருப்புகள் உண்டு.

பிறகு

மறுநாள் காலை பாடகிக்குக் குரல் பாதி இல்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்நாண்கள் வீங்கியிருக்கின்றன, சில நாள் பேசக் கூடாது என்றார், கிசுகிசுப்பும் கூடாது, அதுவும் தொண்டையை இறுக்கும் என்றார். அந்த வாரம் இருந்த இன்னொரு நிகழ்ச்சியை ரத்து செய்ய வேண்டி வந்தது. அந்தச் சம்பளம் போனது போனதுதான். முதல் செட்டின் விலையை அவர் ஒருவரே கொடுத்தார் என்பது எனக்கு இப்போதும் உறுத்துகிறது. குரலுக்கு ஈடு செய்ய வேறு பெட்டியில் வேறு குரல் கிடையாது.

கஃபேக்கு அன்று வசூல் குறைந்தது. இரண்டு மேசைகள் இடைவேளையில் கிளம்பிப் போயின. ஆனால் கடைக்காரர் இரண்டாம் செட்டைத்தான் நினைவில் வைத்துக்கொண்டார். கச்சேரி நாட்களில் இப்போது டிக்கெட் தனி, சாப்பாடு முதல் செட்டுக்கு முன்னாலும் இடைவேளையிலும், சாப்பிட மட்டும் வருகிறவர்களுக்குக் கீழ்த்தளம். சபாவின் ஏற்பாட்டுக்கு ஏறக்குறைய திரும்பி வந்துவிட்டார்கள். நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட், 1935-இல் தொடங்கிய கிளப், இசை நடக்கும்போது பேச்சு வேண்டாம் என்பதில் கறாராக இருக்கிறது. அது எப்படி இத்தனை காலம் நிற்கிறது என்று கேட்பவர்களுக்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்லலாம். பழைய வாடிக்கையாளர்கள் சிலர் சனிக்கிழமை வருவதை நிறுத்திவிட்டார்கள். புதிதாகச் சிலர் வருகிறார்கள்.

டிரம்மர் அங்கிளிடம் பிரஷ் கற்றுக்கொள்ளப் போகிறான்.

இனி மாற்ற வேண்டியவை

முதலாவது, நிறுத்தும் முடிவு. ஊளைச் சத்தம் வந்த நாலாம் பாட்டிலேயே செட்டை நிறுத்தியிருந்தால் பாடகியின் தொண்டை இவ்வளவு போயிருக்காது. ஆனால் மேடையில் இருப்பவர் தானாக நிறுத்த மாட்டார், அது அவர்களுக்குத் தோல்வி மாதிரித் தெரியும். அதனால் நிறுத்தும் உரிமை குழுவுக்கு வெளியே ஒருவரிடம், சவுண்ட் மிக்சரில் இருப்பவரிடமோ கடைக்காரரிடமோ, முன்கூட்டியே கொடுத்துவைக்க வேண்டும். இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

சவுண்ட் செக்கின்போது காபி மெஷினை ஓட விட்டு, ஊழியர்களைப் பின் மேசைகளில் உட்கார்ந்து பேசச் சொல்லிப் பார்க்க வேண்டும். செலவில்லாத வேலை. பாடகி பேஸைக் கேட்கிறாரா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும், 'எல்லாம் ஓகேயா?' என்று பொதுவாகக் கேட்டால் ஓகே என்றுதான் பதில் வரும். கடைசி நேரத்தில் மாற்று ஆள் வந்தால் பாடகியின் சுருதியிலேயே எழுதிய நோட்டு அவர் கையில் இருக்க வேண்டும், டிரான்ஸ்போஸ் பட்டனை நம்பக் கூடாது. மைக் எந்த வகை என்று பார்த்த பிறகே மானிட்டருக்கு இடம் ஒதுக்க வேண்டும், மேசை போட்ட பிறகு அல்ல.

பாடகி இப்போது புதிய இடங்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு அனுப்புகிறார்: டிரம்ஸ் மூலையில் வேண்டாம், பாட்டு நடக்கும்போது மிக்சி வேண்டாம், கீபோர்டுக்காரர் என்னைப் பார்க்க வேண்டும், பேஸ் எனக்குக் கேட்க வேண்டும். ஒரு இடத்தில் இதைப் பார்த்துவிட்டு வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள், அவரும் சரி என்று விட்டுவிட்டார். அந்த முதல் மாடியில் தீராமல் இருப்பது கண்ணாடிப் பக்கம். கனமான திரை போட்டால் எதிரொலி நிறையக் குறையும், ஆனால் தெருவிலிருந்து பார்க்கும்போது அந்தக் கண்ணாடிதான் கடையின் முகம் என்கிறார் கடைக்காரர். கச்சேரி நேரத்தில் மட்டும் இழுத்து மூடுகிற மாதிரி தண்டவாளத்தோடு திரை போட விலை கேட்டிருக்கிறார், இன்னும் பதில் வரவில்லை.